மந்தையின் கண்கள்

மந்தையினின்று பிரிந்த மாடு புல்லில் வாய் வைப்பது அரிது. காதை நிமிர்த்தி நாற்புறமும் பார்த்துக் கத்திக்கொண்டே நிற்கும். துணைகளின்மேல் கொண்ட அன்பே காரணம் என்பர் சிலர். அவ்வளவு எளிதன்று விஷயம்.

பிரான்சிஸ் கால்டன் என்னும் ஆங்கிலேயர் 1850 முதல் 1852 வரை, இப்போது நமீபியா எனப்படும் தேசத்தில் எருதுகளைக் கொண்டு பிரயாணம் செய்தார். சிங்கங்கள் திரிந்த பிரதேசம் அது. அங்குள்ள மாடுகள் ஒன்றையொன்று அதிகம் நேசிப்பதாகத் தோன்றவில்லை. எனினும், பிரித்தால் பெருந்துன்பமுற்று, வழி கிடைத்தவுடன் மந்தையின் நடுவே பாய்ந்து புகுந்தன. வண்டியின் முன்ஜோடிக்கு ஏற்றவை தனித்து மேயும் துணிவுள்ள எருதுகள். அவையோ மிகச் சில. விலகித் திரிபவற்றைச் சிங்கம் தலைமுறை தலைமுறையாகத் தின்றுவந்ததே காரணம் என்று 1871-இல் அவர் எழுதினார்.

குனிந்து மேயும் மாட்டுக்குத் தூரத்துப் பார்வை குறைவு. தனித்திருப்பின் அடிக்கடி தலை தூக்க வேண்டும். மந்தையிலோ எந்நேரமும் ஏதேனும் ஒன்று நிமிர்ந்திருக்கும். அது மருண்டால் மற்றவையும் மருளும். ஆகவே ஒவ்வொன்றும் குறைவாகப் பார்த்தும் மந்தை அதிகமாகக் காண்கிறது. மிஞ்சிய நேரம் மேய்ச்சலுக்காகிறது. (பக்கத்து மாடு தின்றுவிடுமே என்னும் அவசரமும் இதிற் சிறிது உண்டு.)

இங்கிலாந்தில் பயிரை அழிக்கும் காட்டுப்புறாக்கள்மீது பழக்கிய வல்லூற்றை ஏவிச் சோதித்த விவரம் 1978-இல் வெளியாயிற்று. தனிப்புறாவின்மீது பாய்ந்தபோது நூற்றுக்கு ஏறக்குறைய 80 தடவை வெற்றி. 50-க்கு மேற்பட்ட கூட்டத்தின்மீது 10 தடவைகூட இல்லை. பெருங்கூட்டம் அதனைத் தூரத்திலேயே கண்டு எழுந்துவிட்டது. சோளக்கொல்லையில் இறங்கும் பறவைகளும் காவற்காரனை அவ்வாறே கண்டுகொள்ளும். கூட்டம் பெருகுமுன் விரட்டுதல் நலம்.

ஆனால் இவ்வனுகூலம் எல்லாவற்றுக்கும் சமமன்று. செம்மறிகளின் முதுகில் இருப்பிடம் காட்டும் கருவி கட்டி நாயை ஏவிய சோதனையொன்று 2012-இல் வெளியாயிற்று. ஆடுகள் ஓடியது கூட்டத்தின் நடுவை நோக்கியே. நடுவிடம் பிடிக்க மாட்டாத நொண்டியாடும், நிறைசினையாடும், இளங்குட்டியும் விளிம்பில் நின்றுவிடும்.

கிடை போடுவோர் இதனைக் கவனிக்க. அத்தகைய ஆடுகளை அந்திக்கு முன்னரே பிரித்து, ஒற்றையாயன்றி இரண்டு மூன்றாகச் சேர்த்து, காவற்காரன் படுக்கும் பக்கத்தில் அடைக்கலாம். நாய் கடித்து ஆடு மாண்டதாக முறையீடு வரும்போது, கிராம உத்தியோகஸ்தர்கள் மாண்டவற்றின் எண்ணிக்கையோடு, அவை கிடையின் எப்பக்கத்தில் இருந்தன, எந்நிலையில் இருந்தன என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்வார்களாக.