ஆட்சி கைமாறிய தேர்தல்: 1983

ஆந்திரப் பிரதேசத்தின் நாராயணவனம், பத்மாவதியின் தந்தை ஆகாசராஜனின் தலைநகர் என்கிறது தலபுராணம். சீனிவாசர்–பத்மாவதி திருமணம் நடந்த ஊர் என்பது ஐதீகம். அந்தக் கதையைச் சொன்ன 1960-ஆம் ஆண்டுத் தெலுங்குப் படத்தில் சீனிவாசராக நடித்தவர் என்.டி.ராமராவ்; பின்னாளில் அம்மாநிலத்தின் ஆட்சியைக் கைமாற்றியவரும் அவரே.

ஆந்திரப் பிரதேசம் 1956-இல் உருவானது முதல், 1973-இன் குடியரசுத் தலைவர் ஆட்சி நீங்கலாக, காங்கிரஸே ஆண்டது. எதிர்க்கட்சிகள் இருந்தன, தேர்தலும் நடந்தது; ஆளும் கட்சி மட்டும் மாறவில்லை. பக்கத்துத் தமிழ்நாட்டில் 1967-லேயே அது மாறிவிட்டது. ஆந்திரத்திலோ 1978–82 காலத்தில் மட்டும் டெல்லித் தலைமை நான்கு முதல்வர்களை அமர்த்தியது.

தெலுங்கர் சுயமரியாதை என்ற முழக்கத்துடன் 1982 மார்ச் 29 அன்று ராமராவ் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கினார். பழைய செவர்லே வேனைச் ‘சைதன்ய ரத’மாக்கி ஊர் ஊராகப் போனார். கிலோ அரிசி 2 ரூபாய் என்றார். 1983 ஜனவரியில் 294 இடங்களில் சுமார் 200 அவர் கட்சிக்குக் கிடைத்தன. திருப்பதி, குடிவாடா இரண்டிலும் அவரே வென்றார்.

1984 ஆகஸ்டில் ஆளுநர் அவரைப் பதவிநீக்கினார். போராட்டம் வெடித்தது; செப்டம்பரில் மீண்டும் முதல்வரானார். 1985-இல் வட்டங்களுக்குப் பதிலாக அவர் அரசு கொண்டுவந்ததே மண்டல நிர்வாகம். இன்று நாராயணவனமும் ஒரு மண்டலத் தலைமையிடம்.