காட்டேரி பெயரில் ரத்ததானம்!

ரத்தம் குடிக்கும் பேய் எது? காட்டேரி என்பீர்கள். அந்தக் காட்டேரியின் பெயரைச் சொல்லித்தான் அமெரிக்காவில் ரத்ததானம் கேட்கிறார்கள். மாணவர்களும் சிரித்துக் கொண்டே கொடுக்கிறார்கள்!

அக்டோபர் 31-ந் தேதி அங்கே "ஹாலோவீன்" பண்டிகை. அன்று இரவு பேய்கள் உலாவும் என்பது பழைய நம்பிக்கை. அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் குடியேறியவர்களோடு இந்தப் பழக்கம் கப்பலேறி அமெரிக்கா போயிற்று. இப்போது அது குழந்தைகளின் கொண்டாட்டம். பேய் வேஷம் போட்டு, வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள்.

அந்தச் சமயத்தில் பல கல்லூரிகளில் ரத்ததான முகாம் நடக்கும். சில பல்கலைக்கழகங்களில் நூலகத்திலேயே முகாம் உண்டு. ஒரு பக்கம் அலமாரியில் காட்டேரிக் கதைகள். இன்னொரு பக்கம் கட்டிலும் ஊசியும். ரத்தம் கொடுத்தவர் பழரசம் குடித்துக் கொண்டே புத்தகத்தைப் புரட்டலாம்.

டிராகுலா பிரபு

காட்டேரிக் கதைகளில் பெயர் பெற்றது "டிராகுலா". 1897-ல் வெளிவந்தது. எழுதியவர் பிராம் ஸ்டோக்கர். அயர்லாந்துக்காரர். டப்ளினில் 1847-ல் பிறந்தார். சின்ன வயதில் நோயாளிப் பிள்ளை. ஏழு வயது வரை பெரும்பாலும் படுக்கைதான். பிறகு நன்றாகத் தேறி, லண்டனில் ஒரு பெரிய நாடகக் கொட்டகைக்கு மானேஜர் ஆனார்.

நூலகம் இல்லாவிட்டால் டிராகுலாவும் இல்லை! 1890-ல் ஸ்டோக்கர் விட்பி என்ற கடற்கரை ஊரில் விடுமுறையைக் கழித்தார். அங்கிருந்த நூலகத்தில் ஒரு பழைய சரித்திரப் புத்தகம் கிடைத்தது. "டிராகுலா" என்ற பெயரை அதில்தான் கண்டுபிடித்தார். லண்டன் நூலகத்திலும் அவர் உறுப்பினர். அங்குள்ள பல புத்தகங்களில் அவர் போட்ட பென்சில் குறிகள் இருக்கின்றன என்று 2018-ல் அறிவித்தார்கள். நூலகப் புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும். என்ன செய்வது, அவர் கிறுக்கிவிட்டார்!

நாலு பேர் ரத்தம்

கதையில் லூசி என்று ஓர் இளம் பெண் வருகிறாள். டிராகுலா இரவில் வந்து அவளுடைய ரத்தத்தைக் குடிக்கிறான். பெண் நாளுக்கு நாள் வெளுத்துப் போகிறாள். வான் ஹெல்சிங் என்ற கிழ டாக்டர் வருகிறார். அவளுக்கு உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்கிறார்.

முதலில் அவளை மணக்கப் போகும் வாலிபன் கையை நீட்டுகிறான். அடுத்த தடவை ஒரு டாக்டர். பிறகு வான் ஹெல்சிங்கே கொடுக்கிறார். கடைசியாக ஓர் அமெரிக்கர். ஆக, நாலு பேர் ரத்தம் ஒரே உடம்பில்! ஆள் திடமானவனா, தைரியசாலியா என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். ரத்தம் சேருமா என்று யாரும் பார்க்கவில்லை.

பார்க்கத் தெரியாது என்பதுதான் உண்மை. ரத்தத்தில் பிரிவுகள் உண்டு என்பதே அப்போது உலகத்துக்குத் தெரியாது. ரத்தம் ஏற்றிச் சிலர் பிழைத்தார்கள். சிலர் துடிதுடித்துச் செத்தார்கள். காரணம் புரியாமல் டாக்டர்கள் விழித்தார்கள்.

கதை வெளிவந்து நாலு வருஷம் கழித்து, 1901-ல் விடை கிடைத்தது. வியன்னா நகரத்து டாக்டர் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் தன் ரத்தத்தையும், கூட வேலை செய்தவர்களின் ரத்தத்தையும் எடுத்தார். ஒன்றோடு ஒன்றைக் கலந்து பார்த்தார். சில கலந்தன. சில கட்டி கட்டியாகத் திரண்டன! சேராத ரத்தத்தை ஏற்றினால், நோயாளியின் உடம்பு அதை எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. ஏற்றிய ரத்தத்தின் சிவப்பு அணுக்கள் உடைகின்றன. சிறுநீரகம் கெட்டு, உயிரே போகலாம்.

இந்தக் கண்டுபிடிப்புக்காக அவருக்கு 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த நாளான ஜூன் 14-ந் தேதிதான் உலக ரத்ததான தினம்.

லூசி "ஏபி" பிரிவுக்காரியாக இருந்தால் ஒருவேளை தப்பியிருப்பாள். அவர்களுக்கு அநேகமாக எந்த ரத்தமும் சேரும். மற்றப் பிரிவாக இருந்தால்? டிராகுலா கொல்வதற்கு முன் வைத்தியமே அவளைக் கொன்றிருக்கலாம்!

டிராகுலாவின் ஊரில்

டிராகுலாவின் கோட்டை இருப்பதாகக் கதை சொல்லும் இடம் டிரான்சில்வேனியா. இது நிஜமான ஊர்தான். ருமேனியா நாட்டில் இருக்கிறது. அங்கே குளூஜ் நகரில் 2015-ல் பெரிய சங்கீத விழா நடந்தது. ரத்தம் கொடுத்தால் டிக்கெட் இலவசம் என்று அறிவித்தார்கள். ரசிகர்கள் ஓடி வந்து கையை நீட்டினார்கள்!

அமெரிக்க மாணவர் ஒரு தடவைக்குக் கொடுப்பது ஏறக்குறைய அரை லிட்டர். பெரியவர் உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதனால் கொடுத்தவருக்கு ஆபத்து இல்லை. ஆனால் ரத்தத்தை வருஷக் கணக்கில் பூட்டி வைக்க முடியாது. குளிர்ப் பெட்டியில் வைத்தாலும் சிவப்பு அணுக்கள் 42 நாள்தான் தாங்கும். ஹாலோவீன் அன்று கொடுத்த ரத்தத்துக்கு டிசம்பர் 12-ந் தேதியோடு கெடு முடிகிறது. கொடுத்தவர் மறுபடி கொடுக்க 56 நாள் பொறுக்க வேண்டும். அதாவது, கிறிஸ்துமசுக்கு மறுநாள் வரலாம்.