தொழுவத்தில் போடும் ஊசி

முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே பள்ளத்தாக்கில் இறங்கி ஓடும் மாயாற்றின் கரையில் நீர்மருது மரங்கள் ஓங்கி நிற்கின்றன. அவற்றின் உச்சிக் கிளைகளில் சுள்ளிகளை அடுக்கி வெண்முதுகுப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு கூடு கட்டுகிறது. ஆண்டுக்கு ஒரே முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி ஒன்றரை மாதம் அடைகாக்கும். குஞ்சு பறக்க மேலும் மூன்று, நான்கு மாதங்கள். அது வளர்ந்து தன் குஞ்சைக் காண ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். இத்தனை மெதுவாகப் பெருகும் ஓர் இனம் ஒருமுறை சரிந்துவிட்டால், மீண்டு வர ஒரு தலைமுறைக் காலம் பிடிக்கும்.

அப்படித்தான் சரிந்தது. 1992க்கும் 2007க்கும் இடையே இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் ஆயிரத்துக்கு ஒன்று என்ற நிலைக்கு வந்தன. ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் கூடுகள் காலியாவதை முதலில் கவனித்து எச்சரித்தவர் பறவையியலாளர் விபு பிரகாஷ். ஏதோ வைரஸ் என்றுதான் பலரும் சந்தேகித்தார்கள். இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது ஈரல், இதயம் என எல்லா உறுப்புகளின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் படலம் இருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததால் வெளியேற முடியாமல் படிந்துபோன யூரிக் அமிலம் அது.

பாகிஸ்தானில் ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் 2004இல் காரணத்தை வெளியிட்டார்கள்: டைக்ளோபினாக். வலி, வீக்கம், காய்ச்சலுக்கு மாடுகளுக்குப் போடப்படும் சாதாரண ஊசி மருந்து. ஊசி போட்ட சில நாட்களுக்குள் மாடு இறந்துவிட்டால் மருந்து இறைச்சியில் தங்கிவிடுகிறது. அதைத் தின்ற பாறு சில நாட்களில் மடிகிறது. அழுகிய இறைச்சியையும் செரித்து, அதிலுள்ள கிருமிகளையும் அழிக்கும் வயிறு அதற்கு உண்டு. இந்த மருந்தை மட்டும் அதன் சிறுநீரகத்தால் தாங்க முடியவில்லை.

எல்லா மாடுகளுக்குமா இந்த ஊசி போட்டார்கள் என்று கேட்கலாம். தேவையே இல்லை. ஒரு சடலத்தில் பல பாறுகள் கூட்டமாக இறங்கும். அதனால் 760 சடலங்களில் ஒன்றில் மருந்து இருந்தாலே இத்தகைய வீழ்ச்சி நேரலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

2006இல் கால்நடைகளுக்கு டைக்ளோபினாக் தடை செய்யப்பட்டது. ஆனால் மனிதர்களுக்கான 30 மில்லி குப்பிகள் தொழுவத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. 2015இல் அரசு குப்பியின் அளவையே 3 மில்லியாகச் சுருக்கியது. மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடர, 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை உறுதி செய்தது. பாறுகளுக்காக எடுக்கப்பட்ட நடவடிக்கைகளில் மிகக் கூர்மையானது இதுவே என்பேன். ஒரு மாட்டுக்குப் பல குப்பிகளை உடைக்க வேண்டும் என்றால் எவரும் யோசிப்பார்கள். மாட்டின் உடலுக்குள் போய் டைக்ளோபினாக்காகவே மாறிவிடும் அசிக்ளோபினாக்கும், அதோடு கீட்டோபுரோபெனும் 2023இல் தடைப்பட்டியலில் சேர்ந்தன.

இதில் பறவையின் நலன் மட்டும் அடங்கியிருக்கவில்லை. பாறுகள் அற்றுப்போன ஊர்களில் சடலங்கள் தெருநாய்களின் பங்காயின, நீர்நிலைகள் கெட்டன. அதன் விளைவாக 2000 முதல் 2005 வரை இந்தியாவில் சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று பொருளாதார அறிஞர்கள் ஈயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் இருவரும் மதிப்பிட்டிருக்கிறார்கள். பிணந்தின்னி என்று முகம் சுளித்தோமே, அந்தப் பறவை நமக்குச் செய்துவந்த ஊழியம் எவ்வளவு பெரியது!

தமிழ்நாட்டில் எஞ்சியிருக்கும் பாறுகளுக்கு மாயாற்றுப் பள்ளத்தாக்குதான் முக்கியப் புகலிடம். வெண்முதுகுப் பாறோடு கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு ஆகியவற்றையும் அங்கே காணலாம். கோவையைச் சேர்ந்த ‘அருளகம்’ அமைப்பினர் மருந்துக் கடைக்காரர்களையும் மாடு வளர்ப்பவர்களையும் தேடிச் சென்று பேசுகிறார்கள். காட்டை எவ்வளவு காத்தாலும், பாறின் உயிர் அடிவாரத்துத் தொழுவங்களில்தான் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

மாடு வளர்ப்பவர்கள் ஊசி போட வருபவரிடம் மெலாக்சிகம் கேட்டு வாங்குங்கள். பாறுகளுக்குப் பாதுகாப்பானது என்று சோதித்து அறியப்பட்ட மருந்து அது. காட்டோரத்தில் இருப்பவர்கள், புலி அடித்த மாட்டின் மேல் ஆத்திரத்தில் விஷம் தடவாதீர்கள். வனத்துறையிடம் இழப்பீடு கோருங்கள். மாட்டுக்கென்று டைக்ளோபினாக் விற்கும் கடையைக் கண்டால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் கொடுங்கள்.