ஒரு பிடி மண்

நாமக்கல் மாவட்டத்தில் உயர்ந்து நிற்கும் கொல்லிமலை, வல்வில் ஓரியின் மலையெனச் சங்கப் புலவர் பாடிய பெருமையுடையது. அம்மலை பல நாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. அவற்றுள் ஒன்று தேவனூர் நாடு. நாடு என்னும் சொல் இங்கே பேரரசைக் குறிப்பதன்று. சிற்றூர்கள் சில சேர்ந்த தொகுதியையே குறிக்கும். சாமையும் தினையும் கேழ்வரகும் நெடுங்காலம் விளைந்து மக்களை ஊட்டிய இம்மலையில், அண்மைப் பத்தாண்டுகளில் மரவள்ளி பெரும்பரப்பைக் கைக்கொண்டுவிட்டது. கிழங்கு மலையிறங்கிச் சவ்வரிசி ஆலைகளுக்குச் செல்கிறது. பணம் மலையேறி வருகிறது. ஆனால், ஆண்டுதோறும் ஒரே பயிரைச் சுமக்கும் மண்ணின் நிலை யாது? கண்ணாற் கண்டும் கையால் அளைந்தும் இவ்வினாவிற்கு முழுவிடை கூறல் இயலாது. மண்ணுள் வாழும் நுண்ணுயிர்களை அறிந்தோரே அதனை ஆராயவல்லார். அவ்வறிவைப் பயிற்றும் இடம் பல்கலைக்கழகத்து நுண்ணுயிரியற் கூடமாகும்.

தேவனூர் நாட்டுக் கொல்லை ஒன்றிலிருந்து ஒரு பிடி மண் அத்தகைய கூடத்திற்கு வருவதாகக் கொள்வோம். மாணவர் அதில் ஒரு கிராம் நிறுத்தெடுத்து, கொதியாவியால் தூய்மையாக்கப்பட்ட 9 மில்லிலிட்டர் நீரிற் கலக்குவார். அக்கலவையில் ஒரு மில்லிலிட்டரை எடுத்து மீண்டும் 9 மில்லிலிட்டர் நீரில் விடுவார். இவ்வாறு ஆறு முறை செய்யின், மண் பத்து லட்சத்தில் ஒரு பங்காக மெலிந்துவிடும். அதில் ஒரு மில்லிலிட்டரைக் கண்ணாடித் தட்டில் விட்டு, உணவுப்பொருள் கலந்த அகர்க் குழம்பை இளஞ்சூட்டில் ஊற்றி உறையவைப்பார். சில நாளில், கண்ணுக்குத் தோன்றாத உயிர் ஒவ்வொன்றும் பல்கிப் பெருகிச் சிறு திட்டாக வெளிப்படும். தட்டில் 40 திட்டுகள் காணின், ஒரு கிராம் மண்ணில் 4 கோடி உயிர்கள் இருந்தன என்பது கணக்கு.

கணக்கு எளிது; கைதான் எளிதிற் பழகாது. குழாயின் வாயைத் தீச்சுடரில் வாட்ட மறந்தாலும், திறந்த தட்டின்மேல் குனிந்து பேசினாலும், காற்றில் உள்ளதும் வாயில் உள்ளதும் தட்டிற் குடியேறிவிடும். அவற்றையும் தேவனூர் நாட்டு மண்ணின் குடிகளென மாணவர் எழுதிவிடுவார். இதனைத் தடுத்தற்பொருட்டு, மண் சேராத தட்டு ஒன்றும் உடன்வைக்கப்படும். அதிலும் திட்டுத் தோன்றின், அன்றைய உழைப்பு முழுதும் கழிக்கப்படவேண்டும். முகங்கோணாது அவ்வாறு கழிக்கக் கற்பித்தலே ஆசிரியரின் பணிகளுள் அரியது.

இவ்வகர் கடற்பாசியிலிருந்து பெறப்படுவது. மன்னார் வளைகுடாவிலும் அதற்குரிய பாசி உண்டு. ஜெர்மனியில் ராபர்ட் கோக் என்னும் பேரறிஞரின் கூடத்தில் ஊன்பசை கோடை வெம்மையில் உருகி ஆய்வைக் கெடுத்தது. அங்குப் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவியார் ஃபேன்னி, தம் அடுக்களையில் இனிப்புப் பண்டங்களை உறையவைக்கப் பயன்பட்ட அகரை எடுத்துக்காட்டினார். 1882 முதல் உலகெங்கும் அதுவே வழங்குகிறது. அறிஞர் கூடத்தின் இடர் அடுக்களை அறிவால் தீர்ந்தது!

தனித்து வளர்க்கும் முறையால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும், தட்டில் தனித்திருக்கும் உயிர் மண்ணில் தனித்திருப்பதில்லை. இதனை நன்கு உணர்ந்தவர் டி. எஸ். சதாசிவன் (1913–2001). பாசிகளை ஆராய்ந்து பெயர்பெற்ற எம். ஓ. பி. ஐயங்காருக்குப் பின், 1944-இல் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் தலைமையை அவர் ஏற்றார். அதற்கு முன்னரே இங்கிலாந்தில், கோதுமை வைக்கோலை மண்ணிற் புதைத்து, எப்பூசணம் முதலில் வந்தது, எது பின்னர் வந்தது என்று வரிசைப்படுத்தி 1939-இல் கட்டுரை வெளியிட்டிருந்தார்.

சென்னையில் அவர் கருத்தைப் பருத்தியின் வாடல் நோய் ஈர்த்தது. ஃபியூசேரியம் என்னும் பூசணம் மண்ணிலிருந்து வேர்வழி நுழைந்து நீர்க்குழாய்களிற் படர, இலை மஞ்சளித்துச் செடி வாடும். குழாய் அடைபடுவதால் வாடுகிறதா, நஞ்சினால் வாடுகிறதா? கண்ணாடிக் குடுவையில் வளர்க்குங்கால் அப்பூசணம் ஃபியூசாரிக் அமிலம் என்னும் நஞ்சைச் சுரத்தல் முன்பே தெரிந்ததுதான். ஆனால், குடுவையிற் செய்வதைச் செடியுள்ளும் செய்யும் என்பதற்கு உறுதி ஏது? நோயுற்ற பருத்திச் செடியினுள்ளேயே அந்நஞ்சு இருத்தலைச் சென்னைக் கூடத்தார் கண்டு, 1955-இல் வெளியிட்டனர். சதாசிவனுக்கு 1974-இல் பத்மபூஷண் விருது வழங்கப்பெற்றது. அவர் மாணவர் சி. வி. சுப்பிரமணியன் பூசணங்களை வகைப்படுத்துவதில் உலகம் மதிக்கும் அறிஞராயினார்.

இனித் தேவனூர் நாட்டு மண்ணுக்கு வருவோம். தட்டில் முளைத்த 4 கோடியே அம்மண்ணின் முழுக்குடி என்று கொள்ளலாகாது. மண்ணுயிர்களுட் பெரும்பாலானவை அகரில் வளர்வதேயில்லை. நூற்றில் ஒன்று வளர்ந்தாலே மிகுதி எனலாம். மரவள்ளிக்கு இன்றியமையாத உயிரே அவ்வாறு மறைந்து நிற்பதுதான் வியப்பு. மரவள்ளியின் வேர் தடித்தது; மெல்லிய வேர்த்தூவிகள் குறைந்தது. மண்ணில் அரிதாய்க் கிடக்கும் பாஸ்பரஸை அது தானே தேடிப் பெற வல்லதன்று. வேர்ப்பூசணம் ஒன்று வேரினுள் குடிபுகுந்து, நூலினும் மெல்லிய இழைகளை மண்ணிற் பரப்பி, பாஸ்பரஸைக் கொணர்ந்து கொடுத்து, செடி ஆக்கிய சர்க்கரையைக் கூலியாகப் பெறும். உயிருள்ள வேரின்றி அது வளராதாதலின், தட்டில் ஒருபோதும் தோன்றாது.

ஆகவே மாணவர் தட்டை விடுத்து வேரை நாடவேண்டும். வேரைக் கழுவி, காரக் கரைசலில் வேகவைத்து நிறம் போக்கி, நீலச் சாயமூட்டி, நுண்ணோக்கியின்கீழ் வைத்தால், வேரின் சிற்றறைகளுள் சிறுமரம்போற் கிளைத்த பூசணம் தெரியும். ஒரு வேரிற் கண்டது போதாது. மரவள்ளிக் கொல்லையிலும், அதனை அடுத்த சாமைக் கொல்லையிலும், மழைக்கு முன்னும் பின்னும் வேரெடுத்து ஒப்புநோக்க வேண்டும். அதற்கு அம்மாணவர் கூடத்தை விட்டு மலையேற வேண்டும், ஒருமுறையன்று, பலமுறை.