தேர்வு முடிந்தது, பழைய எடையைத் தூக்கலாமா?

தேர்வுக்காக இரண்டு மாதம் எடைப் பயிற்சியை நிறுத்திய மாணவர்கள் பலர், உடற்பயிற்சிக்கூடத்திற்குத் திரும்பும் முதல் நாளே பழைய எடையைத் தூக்கப் பார்க்கின்றனர். ஆபத்து அங்கேதான்.

இரண்டு, மூன்று வார ஓய்வில் வலிமை பெரிதாகக் குறைவதில்லை. நீண்ட இடைவெளியில் குறைந்தாலும், முன்பே பழகிய தசை விரைவில் மீளும். தசைநாண்களுக்குத்தான் கூடுதல் காலம் தேவை.

எனவே முதல் வாரம் பழைய எடையில் பாதி போதும். வாரத்தில் இரண்டு நாள் போதும். பிறகு சிறிது சிறிதாகக் கூட்டலாம். ஓரிரு நாள் தசைவலி இயல்பே. ஆனால் கடும் வலியுடன் சிறுநீர் கோலா நிறத்தில் கறுத்தால், தசைச் சிதைவாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

விட்டதை ஒரே மாலையில் பிடிக்க வேண்டியதில்லை. டிசம்பர் விடுமுறை முழுவதும் இருக்கிறது.