உப்புத் தண்ணீரும் குண்டு மிளகாயும்

எங்கள் வீடு திருவான்மியூரில், கடற்கரைக்குப் பக்கம். போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. பரமக்குடியிலிருந்து மாமியார் கொண்டு வந்த குண்டு மிளகாய் விதையை (2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே ராமநாதபுரம் முண்டு மிளகாய்தான்!) மாடியில் ஐந்து தொட்டிகளில் போட்டேன். செடி முழங்கால் உயரம் வந்ததும் இலை ஓரமெல்லாம் கருகி, பூ உதிர ஆரம்பித்தது. மண்மேல் வெள்ளையாகப் பூத்துவிட்டது. உப்புத் தண்ணீராச்சே என்று பயந்து தினமும் ஒரு டம்ளர்தான் ஊற்றி வந்தேன். அதுதான் தப்பாம்!

"ஏத்தா, தண்ணி வெயில்ல ஆவியாப் போயிரும், உப்பு எங்க போகும்? எங்க ஊரு மண்ணும் உவருதான். மழை வந்து கழுவி விடுதுல்ல?" என்றார் மாமியார்.

அன்று முதல் இலையில் படாமல் வேரடியில், அடி ஓட்டை வழியாக ஒழுகும்வரை ஊற்றுகிறேன், தினமும் அல்ல, மேல்மண் காய்ந்த பிறகு. மழைத் தண்ணீரையும், கேன் தண்ணீரில் அரிசி களைந்ததையும் சேர்த்து வைத்து விடுகிறேன். மேலே காய்ந்த சருகு போட்டு மூடியிருக்கிறேன்.

இரண்டு செடி போயே போய்விட்டது. மற்ற மூன்றும் துளிர்த்து, போன வாரம் பதினேழு பழம் பறித்தேன். சின்னதுதான். நான்கை விதைக்கு எடுத்து வைத்துவிட்டார் மாமியார், என்னைக் கேட்காமலே!

– ஒரு வாசகி, சென்னை-41.