பழைய மடிக்கணினியை மாற்றலாமா? காசு கொடுக்கும் முன் ஒரு கணக்கு

சேலத்திலிருந்து ஏற்காடு ஏற இரண்டு சாலைகள் உண்டு. கோரிமேடு அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகளுடன் போவது ஒன்று. அயோத்தியாப்பட்டணம் பக்கமிருந்து குப்பனூர் வழியாக ஏறுவது மற்றொன்று. குப்பனூர் பக்கத்தில் மரவள்ளியும் மாவும் பாக்கும், மேலே ஏறினால் காபியும் மிளகும். இந்தச் சாலையோர ஊர்களிலும், தமிழ்நாட்டின் மற்ற கிராமங்களைப் போலவே, பல வீடுகளில் அலமாரியில் ஒரு மடிக்கணினி இருக்கிறது. பிள்ளை பிளஸ் டூ படித்தபோது பள்ளியில் கிடைத்தது. பிள்ளை வேலைக்குப் போயிருக்கும். கணினி வீட்டிலேயே தங்கிவிட்டது. இப்போது தம்பியோ தங்கையோ அதில் படிக்கிறார்கள். அப்பா பட்டா நகல் எடுக்கிறார், கூலிக் கணக்கு எழுதுகிறார்.

அந்தக் கணினிதான் இப்போது மெதுவாக ஓடுகிறது. 'உங்கள் விண்டோஸுக்கு ஆதரவு முடிந்தது' என்று திரையில் அறிவிப்பு வருகிறது. கடைக்குக் கொண்டுபோனால், 'இது இனி உதவாது, புதுசு வாங்குங்கள்' என்கிறார்கள். புதியது என்றால் 35,000, 40,000 ரூபாய். பத்து மாதம் காத்திருந்து மரவள்ளி பிடுங்கிய கையோடு அந்தப் பணத்தைக் கடையில் கொடுப்பதா, வேண்டாமா? கணினி மாற்றுவதும் ரகம் மாற்றுவது போலத்தான். பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், நம் நிலத்துக்கும் நம் தேவைக்கும் எது பொருந்தும் என்று பார்த்தால் பெரும்பாலான வீடுகளில் பாதிச் செலவு மிச்சமாகும்.

'ஆதரவு முடிந்தது' என்றால் என்ன?

கணினியை ஓட்டும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்பார்கள். விண்டோஸ் ஓர் இயங்குதளம், லினக்ஸ் இன்னொன்று. வைரஸ் நுழையும் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும்போதெல்லாம் அவற்றை அடைக்கும் திருத்தங்களை நிறுவனம் இணையம் வழியாக அனுப்பிக்கொண்டே இருக்கும். அது நிற்பதைத்தான் ஆதரவு முடிவது என்கிறார்கள்.

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 8.1-க்கு 2023 ஜனவரி 10-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் ஆதரவு முடிந்தது. அந்தத் தேதிக்குப் பிறகு கணினி நின்றுவிடாது, வழக்கம்போல ஓடும். ஆனால் வேலி பிரிந்தால் அடைக்க ஆள் இல்லாத தோட்டம் போல ஆகிவிடும். கடிதம் தட்டச்சு செய்ய மட்டும் பயன்படுத்தினால் பெரிய ஆபத்து இல்லை. வங்கிக் கணக்கை அதில் திறப்பவர்களுக்கு ஆபத்து உண்டு.

விண்டோஸ் 11-க்கு மாற எல்லாக் கணினியும் ஏற்றதல்ல. குறைந்தது 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி வேண்டும். 2011 முதல் பள்ளிகளில் வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில் தேறாது. 'பிசி ஹெல்த் செக்' என்ற மைக்ரோசாஃப்டின் இலவசச் செயலி, உங்கள் கணினி தேறுமா என்று சில நிமிடங்களில் சொல்லிவிடும்.

முதலில் வேலைப் பட்டியல்

மண் பரிசோதனை செய்யாமல் உரம் போடக் கூடாது. அதுபோல, கணினியில் வீட்டில் நடக்கும் வேலைகளை ஒரு தாளில் எழுதாமல் கடைக்குப் போகக் கூடாது. வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து எழுதுங்கள். பிறகு மூன்றாகப் பிரியுங்கள்.

முதல் வகை, கைபேசியிலேயே முடிவது. உழவன் செயலி, சந்தை விலை, வானிலை, பிஎம் கிசான் தவணை நிலை, பணம் அனுப்புவது எல்லாம் இதில் வரும். இவற்றுக்காகக் கணினி வாங்கத் தேவையில்லை.

இரண்டாவது வகை, பெரிய திரையும் விசைப்பலகையும் வேண்டியவை. ஆனால் எந்த இயங்குதளத்திலும் நடக்கும். பட்டா, சிட்டா, அ-பதிவேடு நகல் எடுப்பது, விண்ணப்பம் நிரப்புவது, வேளாண் பல்கலைக்கழக இணையதளத்தில் பயிர்ப் பாதுகாப்புத் தகவல் படிப்பது, பிள்ளைகள் வீடியோ பாடம் பார்ப்பது, கட்டுரை எழுதுவது, காபிப் பழம் பறிப்புக்கு ஆள்வாரியாக எடையும் கூலியும் கணக்கு வைப்பது ஆகியவை இதில் அடங்கும்.

மூன்றாவது வகை, விண்டோஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவை. டாலி கணக்கு மென்பொருள், ஆட்டோகேட் வரைபடம், டிஜிட்டல் கையெழுத்துக் கருவி, கைரேகைக் கருவி வைத்து நடத்தும் பொதுச் சேவை மைய வேலை ஆகியவை இந்த வகை. பொறியியல் படிக்கும் பிள்ளை இருந்தால், என்ன மென்பொருள் தேவை என்று கல்லூரியில் முதலில் கேட்டுவிட வேண்டும்.

பட்டியலில் மூன்றாவது வகை காலியாக இருந்தால், புதுக் கணினிக்கு அவசரமே இல்லை.

நான்கு வழிகள்

வழி ஒன்று: இருப்பதைச் சரிசெய்வது. பழைய கணினி மெதுவாக ஓட முக்கியக் காரணம் சுழலும் ஹார்ட் டிஸ்க். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்ற வேகமான சேமிப்பகத்தைப் போட்டு, ராமை 4 அல்லது 8 ஜிபி ஆக்கினால், ஐந்து நிமிடம் எடுத்த துவக்கம் ஒரு நிமிடத்துக்குள் முடியும். சில ஆயிரம் ரூபாய் செலவு. ராம் எவ்வளவு வரை ஏற்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். கேட்டுக்கொண்டு வாங்க வேண்டும். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள், மைக்ரோசாஃப்டின் நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். இது கால அவகாசம் மட்டுமே.

வழி இரண்டு: அதே கணினியில் லினக்ஸுக்கு மாறுவது. 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது லினக்ஸ். இலவசம், உரிமக் கட்டணம் கிடையாது. லினக்ஸ் மின்ட் என்ற வகை 2 ஜிபி ராமிலும் ஓடும்; 4 ஜிபி இருந்தால் வசதி. வேர்ட், எக்செல் இடத்தில் லிப்ரே ஆபிஸ் இருக்கிறது. ஃபயர்பாக்ஸ், குரோம் இரண்டும் ஓடும். முதல் ஒரு மாதம் கை தடுமாறும். பழுதானால் பார்க்கத் தெரிந்த ஆள் அருகில் குறைவு என்பது இதன் பெரிய குறை.

வழி மூன்று: புதிய விண்டோஸ் 11 கணினி. மூன்றாவது வகை வேலை இருப்பவர்களுக்கு இதுவே சரி. 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி. இதற்குக் குறைவாக வாங்க வேண்டாம்.

வழி நான்கு: குரோம்புக் அல்லது டேப்லெட். விலை குறைவு, வைரஸ் தொல்லையும் குறைவு. ஆனால் குரோம்புக்கின் பெரும்பகுதி வேலைக்கு இணையம் வேண்டும். மலைச்சரிவில் ஒரு வளைவில் சிக்னல் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. அப்படிப்பட்ட வீட்டுக்கு இது பொருந்தாது. ஒவ்வொரு குரோம்புக் மாடலுக்கும் எந்த ஆண்டு வரை திருத்தம் வரும் என்று கூகுள் தேதி குறித்திருக்கிறது. பழையது மலிவாகக் கிடைத்தால் அந்தத் தேதியைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

ஒரு சிறு கணக்கு

எடுத்துக்காட்டாக, 40,000 ரூபாய்க்குப் புதியது வாங்கி ஐந்து ஆண்டு ஓட்டினால் ஆண்டுக்கு 8,000 ரூபாய். பழையதற்கு 5,000 ரூபாய் செலவழித்து, இரண்டே ஆண்டு ஓடினாலும் ஆண்டுக்கு 2,500 ரூபாய். அதே சமயம் பேட்டரி, திரை, விசைப்பலகை மூன்றும் போயிருந்தால் செலவு 10,000-ஐத் தாண்டிவிடும். அப்போது பழையதைக் கைவிடுவதே நல்லது.

மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். மடிக்கணினி 50 வாட் எடுப்பதாகவும், நாள்தோறும் 4 மணி நேரம் ஓடுவதாகவும் வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்துக்கு 12 யூனிட். 150 வாட் எடுக்கும் மேசைக் கணினிக்கு 36 யூனிட். இலவச யூனிட் எல்லைக்கு அருகில் நிற்கும் வீடுகளுக்கு இந்த 24 யூனிட் வித்தியாசம் முக்கியம். மேசைக் கணினிக்கு யு.பி.எஸ். தனியாக வேண்டும், மடிக்கணினிக்கு அதன் பேட்டரியே போதும்.

அரசு அலுவலகமும் மாறியிருக்கிறது

லினக்ஸ் நமக்கு அந்நியமானது இல்லை. சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2006-க்குப் பிறகு, தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு ஆதரவு முடிந்த சமயத்தில், அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸைப் பயன்படுத்தலாம் என்று தமிழக அரசு அறிவுறுத்தியது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட இந்திய லினக்ஸ். கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகக் கணினிப் பாடமே லினக்ஸில்தான் நடக்கிறது.

2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பல கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. கணினியைத் திறந்ததும் கறுப்புத் திரையில் 'எது வேண்டும்?' என்று கேட்டது பலருக்கு நினைவிருக்கும். பெரும்பாலான வீடுகளில் யாரும் அந்த இரண்டாவது வரியைத் தொட்டதில்லை.

ஐந்து சென்ட் சோதனை

புது ரகம் வந்தால் ஏக்கர் முழுக்க நடுவதில்லை. ஐந்து சென்ட்டில் போட்டுப் பார்க்கிறோம். லினக்ஸிலும் அப்படியே செய்யலாம்.

1. முதலில் பட்டா நகல், பத்திர நகல், மதிப்பெண் சான்றிதழ், புகைப்படங்கள் எல்லாவற்றையும் இரண்டு இடங்களில் பிரதி எடுங்கள். ஒன்று வீட்டில், மற்றொன்று உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

2. லினக்ஸ் மின்ட் கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. அதை அதன் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து மட்டும் இறக்கி, வேறு எதுவும் இல்லாத 8 ஜிபி பென் டிரைவில் ரூஃபஸ் போன்ற செயலி கொண்டு எழுத வேண்டும். கல்லூரி மாணவர் யாராவது இருந்தால் ஒரு மணி நேர வேலை.

3. பென் டிரைவைச் செருகி அதிலிருந்தே கணினியைத் துவக்குங்கள். 'இன்ஸ்டால்' பொத்தானை அழுத்தாதவரை உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு எதுவும் ஆகாது.

4. வைஃபை, ஒலி, கேமரா, பிரின்டர், தமிழ்த் தட்டச்சு, பழைய கோப்புகள் திறப்பது ஆகிய ஆறையும் சோதியுங்கள்.

5. ஒரு வாரம் இப்படியே ஓட்டிப் பாருங்கள். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் சற்று மெதுவாகத்தான் இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் சரி என்றால் மட்டும் நிரந்தரமாகப் போடுங்கள். இடம் இருந்தால் விண்டோஸையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்க் கோப்புகளில் கவனம்

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கடிதங்கள் புதுக் கணினியில் திறக்கும்போது புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிட வேண்டாம். பழைய எழுத்துருவை நிறுவினால் எழுத்து வந்துவிடும். எழுத்துரு மாற்றி கொண்டு யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் எந்தக் கணினியிலும் கைபேசியிலும் படிக்கலாம். தமிழக அரசு யூனிகோடை 2010-இல் ஏற்றது. தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 11-இலும் லினக்ஸிலும் கிடைக்கிறது.

வாசகர் கேள்விகள்

கேள்வி: கடையில் 500 ரூபாய்க்கு விண்டோஸ் 11 போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டாம். உரிமம் இல்லாத பிரதியுடன் திருட்டு மென்பொருளும் சேர்ந்து வர வாய்ப்புண்டு. அந்தக் கணினியில் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்வது பூட்டுச் சாவியை வெளியில் தொங்கவிடுவது போல. தேறாத பழைய கணினியில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டால் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்ற உத்தரவாதமும் இல்லை.

கேள்வி: 'உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று திரையில் வருகிறது. என்ன செய்வது?

பதில்: அழைக்காதீர்கள். எந்த நிறுவனமும் அப்படி எண் காட்டுவதில்லை. கணினியை அணைத்துவிட்டு மீண்டும் போடுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் மேல்மலையில் மூன்று மாதம் கணினியைத் தொடுவதே இல்லை. கெட்டுவிடுமா?

பதில்: பனியும் ஈரமும் உள்ளே இறங்கி இணைப்புகளில் களிம்பு ஏறும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓடவிட்டால் உள்சூட்டில் ஈரம் காயும். மூடி வைக்கும் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டு போடுங்கள். பேட்டரியைப் பாதி சார்ஜில் வையுங்கள். இடி இடிக்கும்போது சார்ஜர் செருகியிருக்கக் கூடாது.

கேள்வி: மகள் இந்த ஆண்டு கல்லூரியில் சேருகிறாள். உடனே புதியது வாங்கவா?

பதில்: கொஞ்சம் பொறுக்கலாம். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ டேப்லெட்டோ வழங்கப்படும் என்று 2025 மார்ச் தமிழக பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. மகளின் கல்லூரியும் ஆண்டும் அதில் வருகிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். அதுவரை பழையதில் எஸ்.எஸ்.டி. போட்டு ஓட்டலாம். வராது என்று தெரிந்தால், பாடத்துக்கு என்ன மென்பொருள் தேவை என்று கேட்டு எழுதிக்கொண்டு, அந்தத் தாளோடு கடைக்குப் போங்கள்.